வே. ராகவனின் வடமொழிப் படைப்புகளும் நம் இலக்கிய வரலாறும்: ஒரு மறுப்புரை

முன்னுரை

சாகித்திய அகாதெமி 1966ஆம் ஆண்டில் வடமொழிக்குரிய விருதை வே. ராகவனுக்கு வழங்கியது. விருது பெற்றது, போஜனின் சிருங்காரப் பிரகாசம் குறித்து அவர் எழுதிய ஆய்வுநூல். அந்நூலின் மொழி ஆங்கிலம். அவ்விருதுக்கு முன்னரே அவர் வடமொழியில் நாடகங்களும் கவிதைகளும் எழுதியிருந்தார். அவற்றுக்கு இல்லாத மதிப்பு, அம்மொழியைப் பற்றி வேற்றுமொழியில் எழுதிய ஆராய்ச்சிக்குக் கிடைத்தது.

இது ராகவன் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1956இல் பி. வி. காணேயின் தருமசாத்திர வரலாறு வடமொழிக்குரிய விருதைப் பெற்றது; அது ஆங்கில நூல். 1964இல் கோபிநாத் கவிராஜின் நூல் பெற்றது. அது இந்தி நூல். இந்நூல்களின் பெருமையை யாரும் குறைத்து மதிப்பிட இயலாது. விருது விதிகள் அக்காலத்தில் இதற்கு இடம் தந்தன என்பதும் உண்மையே. எனினும், ஒரு தமிழ்க் கவிஞரின் கவிதை நூலை ஒதுக்கிவிட்டுத் தமிழ்ச் செய்யுளியல் பற்றிய அவரது ஆங்கில நூலுக்குத் தமிழ் விருது வழங்கினால் நாம் என்ன சொல்லுவோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வடமொழியைப் பொறுத்தவரை அப்படியொரு கேள்வி எழவே இல்லை. அம்மொழியில் இன்று ஒருவர் இலக்கியம் படைக்கிறார் என்பதையே அதன் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் உள்ளூர நம்பவில்லை என்பதே அதற்குக் காரணம்.

ராகவன் என்ற படைப்பாளரை வடமொழி அன்பர்கள் வாழ்த்தி மறந்தனர். தமிழ்த்துறையினர் எதிர்த்து மறந்தனர். இரு திறத்தாரும் அவரைப் படிக்கவில்லை. இவ்விரு போக்குகளையும் மறுத்து, அவருடைய படைப்புகள் தமிழ்நிலத்து இலக்கிய வரலாற்றின் பகுதியாக ஆராயப்படுதல் வேண்டும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் புலமையும்

ராகவன் 1908ஆம் ஆண்டு ஆகத்து 22ஆம் நாள் திருவாரூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எஸ். குப்புசாமி சாஸ்திரியார். மரபுவழிச் சாத்திரப் பயிற்சியையும் பல்கலைக்கழக ஆய்வுநெறியையும் ஒருங்கே கற்பித்த அறிஞர் அவர். அவருடைய வழிகாட்டலில் ராகவன் தேர்ந்துகொண்ட பொருளே போஜனின் சிருங்காரப் பிரகாசம். பதினோராம் நூற்றாண்டில் தாரா நகரை ஆண்ட அம்மன்னனின் நூல் முப்பத்தாறு இயல்களைக் கொண்டது. மறைந்துபோன பல நூல்களிலிருந்து மேற்கோள்களைத் தாங்கி நிற்பது. அதனை ஆராய்ந்து தொடங்கிய ராகவன், இறக்கும்வரை அதனை விடவில்லை. அவர் பதிப்பித்த மூலத்தின் முதற்பகுதி அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1998இல், ஹார்வர்டு கீழ்த்திசை வரிசையில் வெளிவந்தது.

இரண்டாவது பெரும்பணி புதிய நூற்பட்டியல்களின் பட்டியல். செருமானிய அறிஞர் ஆஃப்ரெக்ட் 1891 முதல் 1903 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட சுவடிப் பேரட்டவணையைப் புதுப்பித்து விரிக்கும் திட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1935இல் தொடங்கியது. ராகவன் தொடக்கத்திலேயே அதில் இணைந்தார். முதல் தொகுதி 1949இல் வெளியாயிற்று. 1953-54இல் ஐரோப்பிய நூலகங்களுக்குச் சென்று அங்குள்ள சுவடிகளையும் பார்வையிட்டுக் குறிப்பெடுத்தார். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அப்பட்டியல் விரிந்துள்ளது.

1955 முதல் 1968 வரை சென்னைப் பல்கலைக்கழக வடமொழித் துறையின் தலைவராகவும், 1944 முதல் இறுதிவரை சென்னை மியூசிக் அகாதெமியின் செயலாளராகவும் அவர் விளங்கினார். நாட்டியக் கலைஞர் தஞ்சை பாலசரசுவதியுடன் இணைந்து தமிழில் எழுதிய பரதநாட்டியம் என்னும் நூல் 1959இல் வெளிவந்தது. புதுதில்லியில் 1972இல் நடைபெற்ற பன்னாட்டு வடமொழி மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். 1979 ஏப்பிரல் 5ஆம் நாள் மறைந்தார்.

வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. பிற்சேர்க்கை போல, 'வடமொழியில் நாடகங்களும் இயற்றியுள்ளார்' என்ற ஒரு தொடர் இறுதியில் வரும். அந்தத் தொடருக்குள் அடைபட்டுக் கிடப்பவற்றை இனிக் காண்போம்.

படைப்புகள்

முதலில் சுட்டத்தக்கது, 'வித்யாநாத விடம்பனம்' என்னும் மறுபெயர் கொண்ட 'பிரதாபருத்ர விஜயம்' என்னும் அங்கத நாடகம். காகதீய மன்னன் பிரதாபருத்திரனின் அவைப்புலவர் வித்தியாநாதர் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அணியிலக்கண நூல் செய்தார். அதில் வரும் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் தம் மன்னனைப் புகழ்பவை. அணியிலக்கணத்தைக் கற்க வந்த மாணவன் மன்னனின் புகழையும் சேர்த்தே மனப்பாடம் செய்யும் நிலை. இத்தகைய மிகைப்புகழ்ச்சியை ராகவன் எள்ளி நகையாடினார். வடமொழி மரபின் உள்ளிருந்தே, அம்மரபின் இலக்கண நூலொன்றை வடமொழியாலேயே எள்ளும் இம்முயற்சி எளியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் வாழ்ந்த நீலகண்ட தீட்சிதர் தம் 'கலிவிடம்பனம்' என்னும் நூலில் சோதிடரையும் மருத்துவரையும் போலிப் புலவரையும் எள்ளினார். ராகவனின் நாடகம் அத்தமிழ்நில அங்கத மரபின் தொடர்ச்சி எனக் கொள்ளுதல் பொருந்தும். பெயரே அதற்குச் சான்று.

அடுத்தவை 'பிரேக்ஷணகத்ரயீ' என்னும் தலைப்பில் அமைந்த மூன்று ஓரங்க நாடகங்கள். விஜ்ஜிகா, விகடநிதம்பா, அவந்திசுந்தரி ஆகிய மூவரும் வடமொழி மரபில் பெயர் நிலைத்த பெண்பாற் புலவர்கள். முதலிருவரின் பாடல்கள் தொகைநூல்களில் உதிரியாக மட்டுமே கிடைக்கின்றன. மூன்றாமவரான அவந்திசுந்தரி, கவிஞர் இராசசேகரரின் மனைவி. தம் 'காவ்யமீமாம்சை'யில் இராசசேகரர் அவருடைய கருத்துகளைப் பெயர் சுட்டி எடுத்தாள்கிறார். ஆயினும் அவந்திசுந்தரியின் நூல் ஏதும் நமக்குக் கிட்டவில்லை. சுவடிப் பட்டியலாளராகிய ராகவனுக்கு இந்த இழப்பின் அளவு நன்கு தெரியும். எந்தச் சுவடி எங்குள்ளது என்று தேடித் திரிந்த ஒருவர், சுவடியே எஞ்சாத பெண் புலவர்க்கு நாடகத்தின் வழி ஒரு குரல் தர முயன்றார். வெள்ளிவீதியார், ஔவையார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனச் சங்கப் பெண்பாற் புலவர்களைத் தனித்தெடுத்து ஆராயும் நம் துறைகள், அருகிலேயே நிகழ்ந்த இம்முயற்சியை ஒப்புநோக்கியிருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக 'அனார்கலி'. முகலாய அவையின் காதல் கதையொன்றை வடமொழி நாடகமாக்கியது, அம்மொழியை ஒரு சமயத்தாரின் வேலிக்குள் அடைக்க விரும்புவோர்க்கு விடையாக அமைகிறது. இரவீந்திரநாத தாகூரின் 'வால்மீகி பிரதிபா', 'நடீர் பூஜா' ஆகிய வங்க நாடகங்களையும் அவர் வடமொழியாக்கினார். இத்தகைய நாடகங்கள் ஏட்டளவில் நின்றுவிடாமல் மேடையேறுதற்பொருட்டு 1958இல் 'சம்ஸ்கிருத ரங்கம்' என்னும் அமைப்பைச் சென்னையில் நிறுவினார். சாகித்திய அகாதெமியின் 'சம்ஸ்கிருத பிரதிபா' இதழின் ஆசிரியராக இருந்து பிறருடைய புதிய எழுத்துக்கும் இடம் தந்தார்.

நான்காவது 'ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷித சரிதம்' என்னும் மகாகாவியம். திருவாரூரில் பிறந்து 1835இல் எட்டயபுரத்தில் மறைந்த இசைமேதையின் வரலாற்றை அதே ஊரில் பிறந்த கவிஞர் பாடியுள்ளார். காஞ்சி சங்கராசாரியார் ராகவனுக்குக் 'கவிகோகிலம்' என்ற பட்டத்தை வழங்கினார். அப்பட்டத்தைக் குறிப்பிடாத பாராட்டுரை இல்லை. காவியத்தை ஆராயும் பாராட்டுரையைத் தேடித்தான் காண வேண்டியுள்ளது.

இறந்த மொழி என்னும் வாதம்

'இறந்த மொழியில் எழுதப்பட்டவற்றை இலக்கியமாகக் கருத வேண்டுவதில்லை' என்பது நம்மிடையே பரவலாக வழங்கும் வாதம். ஷெல்டன் பொல்லாக் 2001இல் வெளியிட்ட 'சமஸ்கிருதத்தின் இறப்பு' என்னும் ஆங்கிலக் கட்டுரைக்குப் பின் இவ்வாதம் ஆராய்ச்சித் தகுதியும் பெற்றுவிட்டதாகச் சிலர் கருதுகின்றனர். பொல்லாக் கூறியது வேறு. காசுமீரம், விசயநகரம், முகலாய தில்லி, குடியேற்ற ஆட்சிக்கு முற்பட்ட வங்காளம் ஆகிய இடங்களில் வடமொழி இலக்கியப் பண்பாடு எந்தச் சூழலில் தன் ஆற்றலை இழந்தது என்று அவர் வினவினார். அது ஒரு வரலாற்றுக் கேள்வி. அதற்கு மறுப்பும் எழுந்தது. யுர்கன் ஹான்னெடர் 2002இல் அக்கட்டுரையின் சான்றுகளையும் அவற்றின் மீது சுமத்தப்பட்ட பொருளையும் வினவினார்.

அவ்விவாதத்தில் யார் பக்கம் நின்றாலும், ஒன்றை மறக்கலாகாது. ஒரு மொழியின் பொதுவான நிலை அம்மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலின் தரத்தை முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வடமொழியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 24,821 பேர். இவ்வெண் மொழிக்கொள்கை வகுப்போர்க்குப் பயன்படலாம். ஒரு நாடகத்தின் உரையாடல் செவ்வையாக அமைந்துள்ளதா, ஓர் அங்கதம் தைக்கிறதா என்பதை இவ்வெண் சொல்லாது. தாய்மொழியாக எவரும் பேசாத நிலையில்தான் வடமொழியின் பேரிலக்கியங்களுட் பல எழுதப்பட்டன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. தாய்மொழி அல்லாத தமிழில் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியை நாம் காப்பியமாகவே ஏற்றுப் பயில்கிறோம். எழுதியவரின் தாய்மொழி எது என்னும் கேள்வி அங்கு நமக்குத் தடையாகவில்லை.

வாழ்த்துரை என்னும் புறக்கணிப்பு

எதிர்ப்பாளரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. நவீன வடமொழி எழுத்துக்குப் பெருந்தீங்கு செய்தவர்கள் அதன் வாழ்த்துநரே எனலாம். மணிவிழா மலர், நினைவு மலர், நூற்றாண்டு மலர் எனத் தொகுதிகள் வந்துகொண்டே உள்ளன. அவற்றில் படைப்பாளர் 'காளிதாசனுக்கு நிகர்' எனப்படுவார். 'வடமொழி வாழ்கிறது என்பதற்கு இவரே சான்று' எனப்படுவார். எந்தக் காட்சி சிறந்தது, எது தளர்ந்தது, எந்த விருத்தம் உணர்ச்சிக்கு ஒத்தது, எங்கே சொல் வெறும் அணியாக நின்றுவிட்டது என்ற கேள்விகள் எழுவதில்லை. நூல் எழுதப்பட்டது என்பதே சாதனையாகக் கொள்ளப்படுகிறது. இது ஒரு வகை இரக்கம், திறனாய்வு ஆகாது. வித்தியாநாதரின் மிகைப்புகழ்ச்சியை எள்ளி நாடகம் எழுதியவர் மிகைப்புகழ்ச்சிக்குள்ளேயே புதைக்கப்பட்டிருப்பது வருந்தத்தக்கது.

மெய்யான திறனாய்வு கேட்க வேண்டிய கேள்விகள் எளியவையல்ல. தண்டியின் 'காவ்யாதர்சம்' மகாகாவியத்துக்கு நகர், கடல், மலை, பருவம், ஞாயிறு திங்கள்களின் தோற்றம் முதலிய வருணனைகளை விதிக்கிறது. அதே விதியைத் தண்டியலங்காரத்தின் பெருங்காப்பிய இலக்கணத்தில் தமிழ் மாணவர் படிக்கின்றனர். மன்னர்க்கும் வீரர்க்கும் வகுத்த இச்சட்டகத்தில், போர் புரியாத, நாடு ஆளாத ஓர் இசைவாணரின் வாழ்வைப் பொருத்துவது எவ்வாறு? இசையைச் செய்யுளில் காட்டுவது எவ்வாறு? தீட்சிதரின் காசிப் பயணமும் தலம்தோறும் பாடிச் சென்றதும் வருணனைக்கு இடம் தரும் என்பது உண்மை. ஆனால் வாழ்க்கை வரலாற்றின் உண்மையும் காவியத்தின் மரபும் முரண்படும் இடங்களில் கவிஞர் எதன் பக்கம் நின்றார் என்று ஆராய்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் காந்தியடிகள் பற்றியும் பிறர் பற்றியும் தமிழில் எழுந்த காப்பியங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராயும் வாய்ப்பு, இரு மொழியின் காப்பிய இலக்கணமும் அறிந்த தமிழ்த்துறை ஆய்வாளர்க்கே எளிதாக அமையும்.

கொள்கையும் கவிதையும்

தமிழ்த்துறையினரின் தயக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் பயன் தராது. சுனிதி குமார் சாட்டர்ஜியைத் தலைவராகக் கொண்டு 1956இல் அமைந்த வடமொழி ஆணையத்தில் ராகவன் உறுப்பினர். 1957இல் அவ்வாணையம் அளித்த அறிக்கை பள்ளிக் கல்வியில் வடமொழிக்கு உறுதியான இடம் கோரியது. தமிழிசை இயக்கத்தின் கண்டனத்துக்கு உள்ளான ஓர் அவைக்கு ராகவன் நெடுங்காலம் செயலாளர். இந்தியப் பண்பாட்டை ஒன்றிணைக்கும் ஆற்றல் வடமொழிக்கே சிறப்பாக உண்டு என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. தமிழின் தனித்த தொன்மையையும் தன்னிறைவையும் போற்றும் ஒருவர் இக்கருத்துகளை மறுக்கலாம். இக்கட்டுரையாளரும் ஒருமைப்பாட்டை ஒரே மொழியின் பொறுப்பாக்கும் கருத்தை ஏற்கவில்லை. பல மொழிகள் ஒன்றிலிருந்து ஒன்று கொண்டும் கொடுத்தும் வளர்ந்ததே இந்நாட்டின் வரலாறு. அதில் ஒன்றைத் தாயாகவும் ஏனையவற்றைச் சேயாகவும் காட்டுவது மொழியியலுக்கும் ஒவ்வாது. திராவிட மொழிகளைப் பொறுத்தவரை அது அடிப்படையற்றது.

எனினும் அறிக்கையை மறுப்பதற்கும் நாடகத்தைப் படியாமல் விடுவதற்கும் தொடர்பில்லை. மறுபுறம், நாடகம் நன்றாயிருக்கிறது என்பதனால் அறிக்கை சரியாகிவிடாது. வடமொழி ஆதரவாளர் கவிதையைக் கொள்கைக்குச் சான்றாக்குகின்றனர். நாம் கொள்கையின் மீதுள்ள சினத்தால் கவிதையைத் தள்ளுகிறோம். இரு செயல்களும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. கவிதை தனக்காகப் படிக்கப்படுவதில்லை.

இப்பிழையால் இழப்பு யாருக்கு? வடமொழிக்கு நேரும் இழப்பை அத்துறையினர் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு நேர்ந்துள்ள இழப்பு வெளிப்படையானது. நீலகண்ட தீட்சிதரின் 'சிவலீலார்ணவம்' மதுரைத் திருவிளையாடல்களைப் பாடுகிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய அதே பொருள். அதனைத் தமிழ் இலக்கிய வரலாற்று மாணவர் அறிவதில்லை. வேதாந்த தேசிகரின் தமிழ்ப் பிரபந்தங்களைப் படிக்கிறோம். அவரே எழுதிய வடமொழி நூல்களை விட்டுவிட்டு, ஒரே மனத்தை இரண்டாக அறுத்துப் பார்க்கிறோம். அப்பரும் சுந்தரரும் பாடிய திருவாரூர், திருத்தொண்டத்தொகை பிறந்த திருவாரூர், இசை மூவரும் தோன்றிய திருவாரூர், தீட்சிதரின் வடமொழிக் கீர்த்தனைகளில் இடம்பெற்ற திருவாரூர், ராகவனின் காவிய நாயகர் பிறந்த திருவாரூர் ஆகிய அனைத்தும் ஒரே ஊர். ஊரின் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் தேவாரத்தோடு நிறுத்திக்கொள்வது எவ்வாறு முறையாகும்? ஒரு நிலத்தில் பிறந்த இலக்கியத்தை மொழி வேலியிட்டுப் பிரித்தால் அந்நிலத்தின் வரலாறு குறையுடையதாகும்.

அவருடைய ஆய்வும் நமக்குத் தொலைவானதன்று. சுவைகளின் எண்ணிக்கை குறித்து அவர் எழுதி 1940இல் வெளியான ஆங்கில நூல், எட்டுச் சுவைகளோடு ஒன்பதாவதாகச் சாந்தம் சேர்ந்த வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. மெய்ப்பாடு எட்டு எனத் தொல்காப்பியம் வகுத்ததையும் நடுவுநிலைச் சுவை பற்றி உரையாசிரியர் எழுப்பும் ஐயங்களையும் பயில்வோர்க்கு அந்நூல் இன்றியமையாதது. காதலைத் தன்னுணர்வின் விரிவாகக் கொண்டு ஏனைச் சுவைகளுக்கும் அதனையே வேராக்கிய போஜனின் கோட்பாட்டை, அகத்திணைக் கோட்பாட்டோடு ஒப்பிட்டு உடன்படவும் முரண்படவும் நமக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்த முதலில் படித்தல் வேண்டும்.

முடிவுரை

2006ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது சத்திய விரத சாஸ்திரிக்குக் கிடைத்தபோது, வடமொழிப் படைப்பாளர் ஒருவர் முதன்முறையாக அவ்விருதைப் பெற்றார். தாய்லாந்து இராமகதையை வடமொழிக் காவியமாக்கியவர் அவர். சாகித்திய அகாதெமி 1968இலேயே அவருடைய வடமொழிக் கவிதை நூலுக்கு விருதளித்திருந்தது. எனவே விருது வாயிலில் இப்போது தடையில்லை. வாசிப்பின் வாயில்தான் மூடிக் கிடக்கிறது. அதனைத் திறக்கும் பொறுப்பு விருது வழங்குவோரிடம் இல்லை, பல்கலைக்கழகத் துறைகளிடம் உள்ளது.

ஆகவே இக்கட்டுரை மூன்றனைப் பரிந்துரைக்கிறது. முதலாவது, ராகவனின் மூன்று ஓரங்க நாடகங்களும் வித்தியாநாத அங்கதமும் குறிப்புரையுடன் தமிழாக்கப்பட்டு, ஒப்பிலக்கியத் தாளில் இடம்பெறுதல். இரண்டாவது, தமிழ்நிலத்தில் தோன்றிய வடமொழி இலக்கியத்தைத் தமிழ் இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் ஓர் அலகாகவேனும் சேர்த்தல். மூன்றாவது, இவற்றை ஆராயும் மாணவர் வாழ்த்தும் வசையும் இன்றி, எந்தத் தமிழ் நூலையும் மதிப்பிடும் அதே அளவுகோலால் மதிப்பிடுதல். தமிழகத்துக்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகள் இப்பணியைத் தொடங்குவதற்கு ஏற்றவை. வடமொழித் துறையும் தமிழ்த்துறையும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் அமைந்துள்ள பல்கலைக்கழகங்கள் இங்கு பல உள்ளன. இரு துறை மாணவரும் ஒரு நூலை முன்வைத்து ஒரு பருவம் அமர்ந்து படிப்பதற்குப் புதிய நிதியோ புதிய ஆணையமோ தேவையில்லை.

அப்படிப் படித்த பின், ராகவனின் நாடகங்கள் தளர்ந்தவை என்றோ அவருடைய காவியம் மரபுச் சுமையால் அசைய முடியாதது என்றோ ஓர் ஆய்வாளர் முடிவு கூறலாம். அம்முடிவை நாம் வரவேற்போம். சான்று காட்டி எழுதிய ஒரு கண்டனம், இதுவரை அவருக்குச் சூட்டப்பட்ட பட்டங்கள் அனைத்தையும் விட அந்தக் கவிஞருக்குச் செய்யும் பெரிய மரியாதையாக அமையும்.